கட்டை விரலைப் பார்க்காமல் தாடையைத் தொடாதீர்கள்!

உங்கள் வலது கைக் கட்டை விரலை இடது கையால் பிடித்து, மெதுவாக முன்கைப் பக்கம் வளைத்துப் பாருங்கள். பாதி வழியிலேயே நின்றுவிடுகிறதா? பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான். சிலருக்கு மட்டும் அந்த விரல் எந்தச் சிரமமும் இல்லாமல் முன்கையில் போய்ப் படுத்துக்கொள்ளும். 'அட, இது எனக்குச் சின்ன வயசிலேர்ந்தே வருமே!' என்கிறவர்கள் இந்தக் கட்டுரையைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சாப்பிடும்போது காதுக்குப் பக்கத்தில் 'டக்... டக்' என்று சத்தமும் வருகிறது என்றால், அவசியம் படியுங்கள்.

கட்டை விரலுக்கும் தாடைக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாரே இந்த வைத்தியர் என்று நினைக்காதீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அது தெரியாமல் தாடையில் கை வைப்பதால் வருகிற கஷ்டங்களை எங்கள் கண்டாச்சிபுரம் பக்கத்தில் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாடை மூட்டில் கோளாறு என்று யார் வந்தாலும், அந்தத் தாடையைத் தொடுவதற்கு முன் அவருடைய மற்ற மூட்டுகளைப் பார்த்தாக வேண்டும். இறுகிப்போன மூட்டுக்குச் செய்கிற வைத்தியத்தை இளகிப்போன மூட்டுக்குச் செய்தால் நோய் கூடுமே தவிர, குறையாது. சித்த வைத்தியரானாலும் சரி, வர்ம ஆசானானாலும் சரி, பல் டாக்டரானாலும் சரி, இதில் யாருக்கும் விலக்குக் கிடையாது.

ரப்பர் உடம்பு என்பது என்ன?

வளைகிற உடம்பை ரசித்தே பழகியவர்கள் நாம். சிதம்பரம் கோயில் கோபுர வாசல்களில் 108 கரணங்களையும் சிற்பமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். திருவிழாவில் கரகம் ஆடுகிற பெண் பின்னால் வளைந்து, தரையில் கிடக்கும் ஊசியைக் கண்ணிமையால் எடுத்தால் கை தட்டுகிறோம். பள்ளிக்கூடத்தில் யோகா போட்டி நடந்தால், உடம்பை நன்றாக மடக்குகிற பிள்ளைக்குத்தான் முதல் பரிசு. 'எங்க பாப்பாவுக்கு ரப்பர் உடம்புங்க' என்று பெருமையாகச் சொல்லும் தாய்மார்கள் எத்தனை பேர்!

பெருமைப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ரப்பர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் உடம்பில் ஓர் எலும்பையும் இன்னோர் எலும்பையும் நார்கள் கட்டி வைத்திருக்கின்றன. அந்த நாரின் முக்கியப் பொருள் கொலாஜன் என்கிற புரதம். சிலருக்குப் பிறவியிலேயே இந்த நார் கொஞ்சம் இளக்கமாக அமைந்துவிடுகிறது. நார் இளகினால் மூட்டு வழக்கமான எல்லையைத் தாண்டி வளையும். இது பெரும்பாலும் குடும்பத்தில் ஓடுகிற குணம். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் இருக்கும், பாட்டியைக் கேட்டால் 'எனக்கும் அப்படித்தான்டி' என்பாள்.

இதை அளந்து பார்க்க ஒரு சுலபமான முறை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய டாக்டர் பீட்டர் பைட்டனும் அவருடைய சகாக்களும் 1973-ல் வெளியிட்ட முறை அது. இன்றும் உலகம் முழுக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மொத்தம் 9 மதிப்பெண். சுண்டு விரல் பின்பக்கமாக 90 டிகிரிக்கு மேல் வளைந்தால் கைக்கு ஒரு மதிப்பெண். கட்டை விரல் முன்கையைத் தொட்டால் கைக்கு ஒன்று. கையை நீட்டும்போது முழங்கை நேர்க்கோட்டைத் தாண்டி 10 டிகிரிக்கு மேல் பின்னால் வளைந்தால் கைக்கு ஒன்று. நிற்கும்போது முழங்கால் அதேபோலப் பின்னால் வளைந்தால் காலுக்கு ஒன்று. முழங்காலை மடக்காமல் குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதித்தால் ஒன்று. ஆக 9. கருவி வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம், செலவு ஒரு பைசா இல்லை. இரண்டே நிமிஷம்!

பெரியவர்களுக்கு 5 அல்லது அதற்கு மேல் வந்தால் பொதுவாக இளகிய மூட்டு உடம்பு என்று வைத்துக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைகளுக்கு இயல்பாகவே உடம்பு வளையும் என்பதால் 6 வேண்டும். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு மூட்டு இறுகத் தொடங்கிவிடுவதால் 4 வந்தாலே போதும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த இளக்கம் அதிகம். ஐரோப்பியர்களைவிட நம் இந்தியர்களுக்கு அதிகம் என்றும் ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

மதிப்பெண் 6 வந்துவிட்டதே என்று யாரும் பயப்பட வேண்டாம். இது நோயல்ல. சிலருக்கு நிறம் மாநிறம், சிலருக்கு முடி சுருட்டை என்பது போல இதுவும் ஓர் உடல்வாகு. இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் மூட்டு அடிக்கடி பிசகுவது, ஓயாத மூட்டுவலி, இழுத்தால் நீளுகிற தோல், சின்ன இடிக்கே கன்றிப்போவது, காயம் ஆறிய இடத்தில் தோல் காகிதம்போல மெலிந்து போவது என்றெல்லாம் சேர்ந்து இருந்தால் அது வேறு விஷயம். எலர்ஸ் என்ற டென்மார்க் டாக்டர் 1901-லும், டேன்லோஸ் என்ற பிரெஞ்சு டாக்டர் 1908-லும் விவரித்த பரம்பரைக் கோளாறாக அது இருக்கலாம். அதில் சில வகைகள் ரத்தக் குழாயையே பாதிக்கும். அதைப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும், என்னைப் போன்றவரிடம் அல்ல.

தாடைக்குள் நடப்பது என்ன?

இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் கன்னத்தில் வையுங்கள். வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். விரலுக்குக் கீழே ஒரு குமிழ் உருள்வது தெரிகிறதா? அதுதான் தாடை மூட்டு. பேசும்போதும், மெல்லும்போதும், விழுங்கும்போதும் அது அசைந்துகொண்டே இருக்கிறது.

மற்ற மூட்டுகளுக்கு இல்லாத ஒரு வித்தை இதற்கு உண்டு. வாயைக் கொஞ்சம் திறக்கும்போது அந்தக் குமிழ் இருந்த இடத்திலேயே கதவுக் கீல்போலச் சுழலும். இன்னும் திறந்தால் குழியை விட்டு முன்னால் வழுக்கிக்கொண்டு போகும். வாயை மூடினால் திரும்பி வந்து குழிக்குள் உட்காரும். மேஜை டிராயர் தடத்தில் போய் வருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எலும்புகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க நடுவே ஒரு மெல்லிய தட்டு இருக்கிறது. குமிழ் எல்லை மீறி ஓடாமல் இருக்க முன்னால் ஒரு சின்ன எலும்பு மேடு இருக்கிறது. எல்லாவற்றையும் சுற்றி நார் கட்டியிருக்கிறது.

நார் இளக்கமாக இருந்தால்? குமிழ் அந்த மேட்டைத் தாண்டி முன்னால் போய்விடும். திரும்பி வரும்போது 'டக்' என்று குதித்து இறங்கும். நடுவில் உள்ள தட்டு இடம் நழுவினாலும் இதே போலச் சத்தம் வரும். கொட்டாவி விடும்போதோ, வாயை அகலத் திறந்து சிரிக்கும்போதோ சில சமயம் மேட்டைத் தாண்டிய குமிழ் திரும்பி வராமலேயே நின்றுவிடும். டிராயரை அளவுக்கு மீறி இழுத்தால் தடத்தை விட்டுக் கழன்றுகொள்கிறதே, அது போலத்தான். சுற்றியுள்ள தசைகள் உடனே இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் வாய் திறந்தது திறந்தபடியே நிற்கும். மூட முடியாது, பேச்சு குழறும், எச்சில் வழியும். பார்க்கிறவர்கள் பதறிப்போவார்கள்.

ஆராய்ச்சிகள் இந்தத் தொடர்பு பற்றி என்ன சொல்கின்றன? உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டுமானால், எல்லா ஆராய்ச்சிகளும் ஒரே குரலில் பேசவில்லை. உடம்பு முழுக்க மூட்டு இளகியவர்களுக்குத் தாடையில் சத்தமும், அளவுக்கு மீறி வாய் திறப்பதும், தாடை விலகுவதும் அதிகம் என்று பல ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. வலியைப் பொறுத்தவரை சில ஆராய்ச்சிகள் தொடர்பு இருக்கிறது என்கின்றன, சில இல்லை என்கின்றன. காரணம் எளிது. தாடை வலிக்கு இளக்கம் ஒன்றே காரணமல்ல. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது, மனக்கவலை, அடிபட்டது, கடைவாய்ப் பல் இல்லாமல் ஒரே பக்கம் மெல்லுவது என்று எத்தனையோ சேரும். இளகிய மூட்டு உள்ள எல்லோருக்கும் தாடைக் கோளாறு வராது. ஆனால் இளகிய மூட்டுக்காரருக்குத் தாடைக் கோளாறு வந்துவிட்டால், அவருக்குச் செய்கிற வைத்தியம் வேறாக இருக்க வேண்டும். அதுதான் என் வாதம்.

எல்லாமே வாதம் இல்லை

நான் சார்ந்த துறையைப் பற்றியும் கொஞ்சம் பேசியாக வேண்டும். மூட்டில் எந்த வலி என்றாலும் 'வாதம்' என்று ஒரே வார்த்தையில் முடித்து, தைலம் தேய்த்து இழுத்துவிடுகிற பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. யூகி முனிவர் கணக்கில் வாத நோய் மட்டும் 80. எண்பதாகப் பிரித்து வைத்த முன்னோர்களின் பேரைச் சொல்லிக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் என்ன நியாயம்?

சித்த மருத்துவத்தில் அக மருந்து 32, புற மருந்து 32. புற மருந்துகளில் ஒன்று தொக்கணம். கையால் செய்கிற இந்த வைத்தியத்தை ஒன்பது விதமாகச் சொல்லியிருக்கிறார்கள்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். பாளையங்கோட்டை கல்லூரியில் இதை மனப்பாடமாக ஒப்பித்தவர்களில் நானும் ஒருவன். எதற்காக ஒன்பது? உடம்புக்கு உடம்பு, மூட்டுக்கு மூட்டு வித்தியாசம் இருப்பதால்தானே! இளகிய தாடைக்கு இழுத்தலும் முறுக்கலும் ஆகவே ஆகாது என்பது என் அனுபவம். கன்னத்துத் தசையை விரல் நுனியால் மெல்லப் பிடித்து, மெல்ல அழுத்திவிட்டால் போதும். காதைச் சுற்றியும் தாடையைச் சுற்றியும் வர்மப் புள்ளிகள் இருக்கின்றன. முறையாகப் படிக்காதவர் அங்கே கை வைப்பதே தவறு.

பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி வந்தாள். கொட்டாவி விட்டால் தாடை நழுவிவிடும். முதல் தடவை நழுவியபோது வீட்டில் 'காத்து கருப்பு' என்று சொல்லி வேப்பிலை அடித்திருக்கிறார்கள். இரண்டாவது தடவை யாரோ ஒருவர் தாடையைப் பிடித்துச் சொடக்கு எடுத்திருக்கிறார். மூட்டு உட்கார்ந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். 'உள்ளே இறுக்கம் இருக்கு, வாரம் ஒரு தடவை வந்து சொடக்கு எடுத்துக்கோ' என்று சொல்லி, அவரும் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். பிறகு தோசையை வாயில் வைக்கவே அந்தப் பெண்ணுக்குப் பயம். காலேஜில் சிரிக்கப் பயம். கூட வந்த அம்மா என் காதருகில் குனிந்து, 'வெளிய சொல்லாதீங்க ஐயா, பொண்ணுக்கு வரன் பாத்துனு இருக்கோம்' என்றார். நான் அந்தப் பெண்ணின் கையை நீட்டச் சொன்னேன். கட்டை விரல் முன்கையில் படுத்தது. சுண்டு விரல் பின்னால் சாய்ந்தது. முழங்கை வில்போல வளைந்தது. ஏற்கெனவே தளர்ந்த மூட்டை வாரா வாரம் தளர்த்தியிருக்கிறார்கள்!

செல்போனில் இப்போது இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. கழுத்தைத் திருப்பினால் 'படக்', தாடையை இழுத்தால் 'டக்'. சத்தம் வந்துவிட்டால் நோய் போய்விட்டது என்று நினைக்கிறார்கள். தாய்மார்களே, சத்தம் வருவது வைத்தியம் பலித்ததற்கு அடையாளமே அல்ல. இளகிய மூட்டில் யார் இழுத்தாலும் சத்தம் வரும்.

எந்தப் பூட்டு, எந்தச் சாவி?

'தாடை பிடிச்சுக்கிச்சு' என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, 'திறக்க முடியலையா, மூட முடியலையா?' என்றுதான். இரண்டும் நேர் எதிர்.

மூட முடியாமல், முகவாய்க்கட்டை முன்னால் தள்ளியோ ஒரு பக்கம் கோணியோ நின்றால் தாடை விலகியிருக்கிறது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எங்கள் பக்கம் என்றால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கீழ்க் கடைவாய்ப் பற்களின் மேல் கட்டை விரல்களை வைத்து, கீழே அழுத்திப் பின்னால் தள்ளி உட்கார வைக்கும் முறை கிரேக்க வைத்தியர் ஹிப்போக்ரட்டஸ் பெயரால் இன்றும் வழங்குகிறது. பார்க்கச் சுலபமாகத் தெரியும். ஆனால் அடிபட்டு வாய் மூடாமல் இருப்பவருக்கு எலும்பு முறிவும் இருக்கலாம் என்பதால் வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். தாமதிக்கவும் வேண்டாம். நேரம் ஆக ஆகத் தசை இறுகி, மூட்டு உட்காருவது கஷ்டமாகும். வாந்தி நிற்கக் கொடுக்கிற சில ஊசி, மாத்திரைகளாலும் தாடை ஒரு பக்கம் கோணி இழுத்துக்கொள்வது உண்டு. அதனால் என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

திறக்க முடியவில்லை என்றால் கதையே வேறு. காயம் பட்ட சில நாளில் தாடை இறுகினால் டெட்டனஸ் ஆக இருக்கலாம், அது உயிருக்கே ஆபத்து. கடைவாய்ப் பல் முளைக்கிற இடத்தில் சீழ் பிடித்திருக்கலாம். பாக்கு, குட்கா மெல்லுகிறவர்களுக்கு வாய்க்குள் சதை நார்போல இறுகி, வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறப்பு குறையும். அது புற்றுநோய்க்கு முன்வாசல். குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013-லேயே தடை வந்தும் பழக்கம் போகவில்லை. இன்னொன்று, நடந்தால் வந்து உட்கார்ந்தால் போகிற தாடை வலி, நெஞ்சு அடைப்போ வியர்வையோ சேர்ந்த தாடை வலி, இருதயத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம். அதற்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

காது வலியும் இந்தக் கணக்கில் சேரும். தாடை மூட்டு காதுக்கு ஒட்டி இருப்பதால், அங்கே வலித்தால் காதே வலிப்பது போலத் தோன்றும். உடனே எண்ணெயைக் காய்ச்சிக் காதில் ஊற்றுகிறார்கள். காதில் சீழோ அடைப்போ இல்லாமல், மெல்லும்போது மட்டும் காது வலித்தால் தாடையைச் சந்தேகப்படுங்கள். பிள்ளைகள் தூக்கத்தில் பல் கடித்தால் வயிற்றுப் பூச்சி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். காலையில் எழுந்ததும் தாடை வலிக்கிறதா என்று கேளுங்கள்.

'ரெண்டு விரலைப் பார்த்துட்டு நோயைச் சொல்லிட முடியுமா?'

என் நண்பர்களான வைத்தியர்கள் சிலர் இப்படிக் கேட்கிறார்கள். முடியாதுதான். நோயைக் கண்டுபிடிக்க அல்ல, கையை எச்சரிக்கத்தான் இந்தச் சோதனை. உழுவதற்கு முன் மண்ணைக் கிள்ளிப் பார்க்கிறோமே, அது போல. மதிப்பெண் 1, 2 என்று வந்தாலும் தாடை மட்டும் தனியாக இளகியிருக்கலாம். அதற்கும் ஒரு வழி உண்டு. ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவரவர் வாயில் முன்பற்களுக்கு நடுவே நுழையுங்கள். மூன்று நுழைந்தால் சரியான அளவு. சுமார் 35 முதல் 55 மில்லிமீட்டர் வரை திறப்பது சராசரி. நாலு விரல் தாராளமாக நுழைந்தால் திறப்பு கூடுதல். இரண்டே விரல் என்றால் இறுக்கம்.

'இப்படிச் சோதித்தால் ஜனங்கள் பயந்துபோக மாட்டார்களா?' என்பது இன்னொரு கேள்வி. பேய் என்று வேப்பிலை அடித்தபோது பயப்படவில்லையா? காரணம் தெரியாத பயம்தான் பெரிசு. 'உன் நார் கொஞ்சம் இளக்கம்மா, பார்த்துப் பக்குவமா வெச்சுக்கணும், அவ்வளவுதான்' என்றால் அந்தப் பெண்ணும் தெளிவாள், அவள் அம்மாவும் தெளிவாள். மறைக்க வேண்டிய விஷயமே இல்லை இது.

'நீட்டிப் பயிற்சி செய்யச் சொல்லி பெரிய டாக்டர்களே சொல்கிறார்களே' என்பவர்களும் உண்டு. 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் நாள்பட்ட தாடை மூட்டு வலிக்கு ஒரு சர்வதேச வழிகாட்டுதல் வெளிவந்தது. அது முன்னால் நிறுத்தியது ஆபரேஷனை அல்ல. மனதைப் பக்குவப்படுத்தும் சிகிச்சை, பயிற்சி பெற்றவர் கையால் செய்கிற சிகிச்சை, தாடைப் பயிற்சி, வீட்டிலேயே செய்கிற எளிய பயிற்சி ஆகியவற்றைத்தான். நீட்டுகிற பயிற்சியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் எந்தத் தாடைக்கு எது என்று பிரிப்பது வைத்தியரின் பொறுப்பு. இறுகியவருக்கு நீட்டுங்கள், இளகியவருக்கு நிறுத்தப் பழக்குங்கள் என்பதுதான் என் கட்சி.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் ஓர் உண்மை. இளகிய நாரை இறுக்குகிற மாத்திரையோ லேகியமோ எந்த வைத்தியத்திலும் கிடையாது. இருப்பதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நாரை மாற்ற முடியாது. அதைச் சுற்றியுள்ள தசையைப் பழக்க முடியும்.

கொட்டாவியை அடக்காதீர்கள். அடக்கக் கூடாத 14 வேகங்களில் கொட்டாவியையும் சேர்த்திருக்கிறார்கள் சித்தர்கள். ஆனால் வாயை அகலப் பிளக்கவும் வேண்டாம். கொட்டாவி வரும்போது வாய்க்கு முன்னால் சொடக்குப் போடுகிற பழக்கம் நம் பாட்டிமார்களுக்கு உண்டு. இளகிய தாடைக்காரர்கள் சொடக்குப் போடுகிற அந்தக் கையை முகவாய்க்கட்டைக்குக் கீழே முட்டுக் கொடுத்துவிடுங்கள். தலையையும் கொஞ்சம் குனிந்துகொள்ளுங்கள்.

'ன்' என்று சொல்லிப் பாருங்கள். நுனிநாக்கு மேல் பல்லுக்குப் பின்னால் ஓர் இடத்தைத் தொடுகிறது அல்லவா? சும்மா இருக்கும்போது நாக்கு அங்கேயே இருக்கட்டும். உதடு மூடியிருக்கலாம், பற்கள் ஒன்றோடொன்று தொடக் கூடாது. இதுதான் தாடைக்கு ஓய்வு. அதே இடத்தில் நாக்கை ஒட்டி வைத்துக்கொண்டு வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். நாக்கு விடுபடுகிற அளவுக்குத் திறக்கக் கூடாது. ஒரு வேளைக்கு 6 தடவை, ஒரு நாளைக்கு 6 வேளை. எல்லைக்குள் நின்று திறக்கத் தாடைக்கு இது நல்ல பழக்கம். வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

பொங்கல் முடிந்த வாரத்தில் தாடை வலிக்காரர்கள் வருவது எங்கள் பக்கம் சகஜம். கரும்பு விளைகிற பூமியாயிற்றே! கடித்து இழுக்கிற கரும்பு, நார் நாராக மெல்லுகிற பனங்கிழங்கு, வறுத்த மல்லாட்டை, கல் போன்ற சீடை... ஆசைதான். தாடையில் சத்தமும் வலியும் இருக்கிறவர்கள் கரும்பைச் சாறாகக் குடியுங்கள், மல்லாட்டையை வேகவைத்துச் சாப்பிடுங்கள். ஆப்பிளையும் கொய்யாவையும் முழுசாகக் கடிக்காமல் துண்டு போடுங்கள். தாடை விலகி உட்கார வைத்த பிறகு ஒன்றிரண்டு வாரத்துக்குக் கேழ்வரகுக் கூழ், உளுந்தங்களி, குழைந்த சாதம் என்று மெல்ல வேண்டாத உணவாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தசை வலிக்கு நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து, பொறுக்கிற சூட்டில் ஒற்றடம் கொடுக்கலாம். கன்னத்தில் வீக்கமோ சீழோ காய்ச்சலோ இருந்தால் ஒற்றடம் கூடாது. பல் டாக்டரிடம் போகும்போது 'எனக்குத் தாடை நழுவும்' என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ரொம்ப நேரம் வாயைத் திறந்து வைக்காமல் நடு நடுவே ஓய்வு கொடுப்பார். மயக்க மருந்து கொடுத்து எந்த ஆபரேஷன் செய்தாலும் மயக்க டாக்டரிடம் இதைச் சொல்வது முக்கியம். அடிக்கடி விலகுகிற தாடைக்கு ஊசி, ஆபரேஷன் என்று வழிகள் இருக்கின்றன. அதற்கு அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் முகத்தாடை அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, தயங்காமல் போங்கள்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். வைத்தியர்களுக்கு: சித்தம், பல், பிசியோதெரபி என்று எந்தத் துறையாக இருந்தாலும், தாடைக் கோளாறு என்று வருகிறவரின் சீட்டில் அந்த 9 மதிப்பெண்ணை எழுதி வையுங்கள். அடுத்து அவரைப் பார்க்கிற வைத்தியருக்கு அது ஒரு எச்சரிக்கைப் பலகையாக இருக்கும். யோகா மாஸ்டர்களுக்கு: நன்றாக வளைகிற பிள்ளையை இன்னும் வளைக்காதீர்கள். பலம் கூட்டும் பயிற்சி கொடுங்கள். எத்தனை தூரம் வளைகிறது என்பதைவிட, எங்கே நிறுத்த முடிகிறது என்பதற்கு மார்க் போடுங்கள்.

வாசகர்களே, இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துக் கட்டை விரலை வளைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருக்கும். யாருடைய விரல் முன்கையில் படுக்கிறதோ, அவரிடம் மட்டும் 'மெல்லும்போது சத்தம் வருதா, வாய் எப்பவாவது மாட்டிக்கிச்சா?' என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.